டுஃபியேயின் சனிக்கிழமைகள்

எங்கள் குமாசி நகரத்தில் சனிக்கிழமை காலை எந்த வேனில் ஏறினாலும் உள்ளே கறுப்பும் சிவப்புமாகத் துக்கத் துணிதான் இருக்கும். செத்தவர்களை வாரக்கணக்கில் வைத்திருந்து சனிக்கிழமை பார்த்துத்தான் அடக்கம் செய்வோம், அதனால் அன்றைக்கு எல்லாருக்கும் எங்காவது ஒரு சாவு. அந்தக் கூட்டத்துக்கு நடுவே மஞ்சள் கவுனும் கையில் ஒரு ஃபைலுமாக ஒருத்தி ஏறினால் மொத்த வேனும் திரும்பிப் பார்க்கும். ஒரு பெரியவர் ஒருமுறை கேட்டேவிட்டார்.

"ஏம்மா, உனக்குத் தெரிஞ்சவங்க யாருமே சாகறதில்லையா?"

"சாகறாங்க பெரியவரே. நான் போனா எந்திரிச்சு வந்துருவாங்களா?"

இதுதான் டுஃபியே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவளோடு வெளியே போனால் மானம் மிஞ்சாது. ஆனால் ஸ்டோர் ரூமில் ஆணியும் பசை டின்னும் எண்ணிக்கொண்டே கிழடாகியிருக்க வேண்டிய நான், இன்று கொள்முதல் பிரிவில் தனி மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அது அவள் போட்ட பிச்சை. அதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் இதைச் சொல்லவும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நாங்கள் இருவரும் ஒரே பிளைவுட் ஆலையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறோம். பலகைகளை ஒட்டும் பசையைச் சோதிக்கும் பிரிவு அவளுடையது. அந்தப் பிரிவுக்குத் தலைமைப் பதவி முதல் தடவை காலியானபோது அவளைவிடத் தகுதியான ஆள் ஆலையில் யாரும் கிடையாது. இன்டர்வியூ திங்கட்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை மேனேஜரின் மாமாவுக்கு அடக்கம். ஆபீஸ் பெண்கள் எல்லாரும் போய்ச் சமைக்கவேண்டும் என்று உத்தரவு. உத்தரவு என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் போகாமல் இருந்துவிட முடியுமா? டுஃபியே வெள்ளிக்கிழமை மத்தியானமே போய் அண்டா அண்டாவாகத் தக்காளி போட்ட ஜொலோஃப் சோறு கிண்டினாள். சனிக்கிழமை முழுக்கப் பரிமாறினாள். திங்கட்கிழமை இன்டர்வியூ அறைக்குள் போனால் எதிரே மூன்று பேர், மூன்று பேருக்கும் அவள் கையால் தட்டு வைத்திருந்தாள். அதில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே, "உன் ஜொலோஃப் இன்னும் நாக்குல நிக்குதும்மா" என்றார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவளை வேறு பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பதவி, சாவில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவனுக்குப் போனது.

"அன்னிக்கு நான் சிரிச்சேன் பாரு, அதைத்தான் என்னால மன்னிக்க முடியல" என்று பல தடவை சொல்லியிருக்கிறாள்.

அதற்கப்புறம் அவள் எந்தச் சாவுக்கும் போகவில்லை. தன்னிடம் இருந்த துக்கத் துணிகளை எல்லாம் வீட்டு வேலைக்கு வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமைதோறும் படித்தாள். மூன்று வருஷத்தில் அதே பதவிக்கு வந்து உட்கார்ந்தாள். வந்த கையோடு ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையைக் கேட்டு வாங்கி, வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வகுப்பு ஆரம்பித்தாள். வங்கியிலிருந்து ஃப்ரேமா, ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் அசியெதுவா, எங்கள் ஆலையிலிருந்து நானும் பொக்குவாவும், இன்னும் ஐந்து பேர். எல்லாரும் முப்பதைத் தாண்டி, பிள்ளை குட்டி பெற்று, மேலே போக வழி தெரியாமல் முட்டிக்கொண்டு நின்றவர்கள்.

வகுப்பு என்றால் பாடம் இல்லை. இன்டர்வியூ பழக்கம்தான். டுஃபியே மேசைக்குப் பின்னால் மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்காருவாள். நாங்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே வரவேண்டும்.

"உங்க பேரு?"

"தயவுசெஞ்சு, பொக்குவா."

"எதுக்குத் தயவு? உன் பேரைச் சொல்ல அவனுங்க அனுமதி வேணுமா? வெளிய போ. மறுபடி வா."

எங்கள் பெண்களுக்கு வாயைத் திறந்தாலே அந்த வார்த்தைதான் முதலில் வரும். அதை உதிர்க்கவே எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. அடுத்தது சனிக்கிழமைக் கணக்கு. "போன வருஷம் எத்தனை சனிக்கிழமை உன்னோடது?" என்று கேட்பாள். நான் எண்ணிப் பார்த்தபோது நான்கு வந்தது. மிச்சமெல்லாம் சாவு, சாவுச் சமையல், சாவுக்குப் போக ஒரே மாதிரித் துணி தைக்கத் தையல்காரியிடம் நடந்தது. "ஆம்பளைங்க அங்க உக்காந்து பதவியைப் பேசி முடிக்கறாங்க. நீ பின்னாடி பாத்திரம் கழுவற. கவர் போகட்டும், உடம்பு வீட்டுல இருக்கட்டும்" என்பாள். மொய்க் கவரை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் போதும். அது எங்கள் ஒன்பது பேருக்கும் வேதவாக்காகிவிட்டது.

அது நன்றாகப் பலித்தது பொக்குவாவுக்கு. மெக்கானிக்கல் இன்ஜினியர். மரம் சீவும் மெஷினில் எங்கே எந்த போல்ட் முனகுகிறது என்று வாசலிலிருந்தே சொல்வாள். பராமரிப்புப் பிரிவு தலைவர் பதவிக்கு அவள் போனபோது ஒருத்தர், "இருபத்திரண்டு ஃபிட்டருங்க, எல்லாம் ஆம்பளைங்க, உன் பேச்சைக் கேப்பாங்களா?" என்று கேட்டார். "மெஷின் கேக்குது சார். அவங்களும் கேப்பாங்க" என்றாள். அந்தப் பதிலை டுஃபியே முப்பது தடவை சொல்லிப் பழக்கியிருந்தாள். பதவி கிடைத்தது. ஃபிட்டர்கள் பேச்சையும் கேட்டார்கள்.

ஆனால் பதவிக்கு வந்த பிறகும் பொக்குவா சனிக்கிழமையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. டிரைவரின் அம்மா போனாள், கவர் போனது. வாட்ச்மேனின் மனைவி, கவர். அவளுடைய மூத்த ஃபிட்டர் போவாஹென் தன் அம்மாவின் துக்கப் போஸ்டரைக் கையாலேயே கொண்டுவந்து கொடுத்து, "மேடம், நீங்க வந்தா ஊர்ல எனக்கு ஒரு மதிப்பு" என்றான். பொக்குவா தவித்துப்போய் டுஃபியேவைக் கேட்டாள். "இன்னிக்கு இவன், நாளைக்கு இருபத்தொரு பேரு. முடியுமா உன்னால?" என்றாள் டுஃபியே. கவர்தான் போனது. போவாஹென் திங்கட்கிழமை வந்து வழக்கம்போல வேலையைப் பார்த்தான். அவனுக்குப் பதிலாக மற்றவர்கள் பேசினார்கள். ஆலையின் நலச் சங்கச் செயலாளர் ஜாம்பிபி எங்களுக்குப் பேரே வைத்துவிட்டார்.

"வாங்க, வாங்க. கவர் மகளிர் சங்கம் வருது. வழி விடுங்கப்பா."

நாங்கள் சிரித்துக்கொண்டே போவோம். அவருடைய மேசையைத் தாண்டித்தான் டுஃபியே, பொக்குவா மேசைகள் உயர்ந்திருந்தன. சிரிக்க முடிந்தது.

போன வருஷம் பொக்குவாவின் அப்பா இறந்தார். எங்கள் வழக்கத்தில் அப்பாவின் குலம் வேறு, அம்மாவும் பிள்ளைகளும் வேறு குலம். துக்கத்தை நடத்துவது அப்பாவின் ஆட்கள். அன்றைக்கு விதவையின் பக்கம் எத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள் என்பதைத்தான் ஊர் பல வருஷம் பேசும். பொக்குவாவின் அத்தைமார் ஏற்கெனவே லேசுப்பட்டவர்கள் இல்லை. பெண்ணை இன்ஜினியருக்குப் படிக்கவைத்தபோதே, "மெஷினைக் கட்டிக்கப் போறா உன் மக" என்று அவள் அம்மாவை வருஷக்கணக்கில் குத்தியவர்கள். அம்மா அப்போதெல்லாம் வாய் திறக்கவில்லை. இப்போது திறந்தாள். "என் மக ஆபீஸ்லருந்து பெரிய பஸ்ல வராங்க. தனிப் பந்தல் போடுங்க. எண்பது நாற்காலி" என்று குலத் தலைவரிடம் சொல்லிவிட்டாள்.

ஆலை அறிவிப்புப் பலகையில் ஜாம்பிபி காகிதம் ஒட்டினார். எஃபிதுவாசி ஊருக்கு, சனிக்கிழமை, பஸ்ஸில் வர விரும்புகிறவர்கள் பெயர் எழுதவும். இருபது பேர் சேர்ந்தால்தான் பஸ். மூன்று வாரம் தொங்கியது அந்தக் காகிதம். நான் முதல் வாரமே பெயர் எழுதினேன். அதற்கு அடுத்த திங்கட்கிழமை எனக்குக் கொள்முதல் பிரிவுக்கான பரீட்சை என்பது நினைவு வந்ததும் அடித்துவிட்டேன். வியாழக்கிழமை காலை அதில் இருந்தது மூன்று பெயர்.

அதைப் பார்த்துவிட்டு டுஃபியே நேராக ஜாம்பிபியின் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"தயவுசெஞ்சு, அண்ணே, பஸ்ஸை மட்டும் அனுப்புங்க. தயவுசெஞ்சு நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆளுங்க ஏறுவாங்க. தயவுசெஞ்சு அவங்கம்மா முகத்துக்காக."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை.

ஜாம்பிபி கெட்டவர் இல்லை. அவரும் சங்கடத்தோடுதான் பேசினார். "நான் யாரையும் தடுக்கல மேடம். ஃபிட்டருங்களைத் தனித்தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். அவங்க கவர் அனுப்பினாங்க, நாங்களும் கவர் அனுப்பறோம், சரியாப் போச்சுன்னாங்க. கழுத்தப் புடிச்சா பஸ்ல ஏத்த முடியும்?"

என் ஸ்டோர் ரூமுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு டுஃபியே வகுப்புப் பெண்களுக்கு ஃபோன் போட ஆரம்பித்தாள். முதலில் ஃப்ரேமா. டுஃபியே விஷயத்தைச் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

"அக்கா, நீங்க என்னைச் சோதிக்கறீங்க, தெரியுது! அடுத்த வாரம் எனக்கு இன்டர்வியூ. நான் ஏமாற மாட்டேன். கவர் போகட்டும், உடம்பு வீட்டுல இருக்கட்டும். சரியாச் சொன்னேனா?"

"ஃப்ரேமா, நான் விளையாடல."

"இதையும் இப்படித்தான் சொல்வீங்கன்னு தெரியும்!"

நர்ஸ் அசியெதுவாவுக்கு டியூட்டி. இன்னொருத்தி எடுக்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் எத்தனை அழகாக, எத்தனை தெளிவாக மறுத்தார்கள் தெரியுமா! குரல் தாழவில்லை, காரணத்தை இழுக்கவில்லை, ஒரு தயவுசெஞ்சு கிடையாது. எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது. ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் திங்கக்கிழமை..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். சனிக்கிழமை பதினோரு மணி வரைக்கும் படி. பதினொண்ணுக்கு உன் வாசல்ல வந்து நிப்பேன்."

வந்து நின்றாள். பழுப்புப் பாவாடையும் யாரிடமோ வாங்கிய சட்டையுமாக. துக்கத் துணிதான் அவளிடம் கிடையாதே. என்னுடைய கறுப்புத் துணியில் ஒன்றை எடுத்து நானே சுற்றிவிட்டேன். வேன் நிலையத்தில் போவாஹென் நின்றுகொண்டிருந்தான், முழுக் கறுப்பில். டுஃபியேவுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சம்.

"நீ எப்படிப்பா..." என்றாள்.

"எங்கம்மாவுக்கு பொக்குவா மேடம் வரலைன்னா நானும் போகக்கூடாதுன்னு இருக்கா மேடம்? எங்கப்பா செத்தப்ப எனக்கு வயசு ஒம்பது. அப்பா போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றான். அவ்வளவுதான்.

எஃபிதுவாசி போய்ச் சேரும்போது இரண்டு மணி. அடக்கம் காலையிலேயே முடிந்திருந்தது. மைதானத்தில் நான்கு பந்தல் நிரம்பி வழிந்தது. ஐந்தாவது பந்தலில் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை வரிசையாக, ஒன்றில்கூட ஆள் இல்லை. வெயிலில் நின்றிருந்த ஒருத்தி அதில் போய் உட்காரப் போனாள். எங்கிருந்தோ பொக்குவாவின் அம்மா எழுந்து ஓடிவந்து, "அது என் மக ஆபீஸ்காரங்களுக்கும்மா. இப்ப வந்துருவாங்க. பஸ்சு வழியில நின்னுருச்சு" என்று சொல்லித் தடுத்தாள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது கேட்கும்போதே தெரிந்தது. அந்தப் பக்கம் அத்தைமார் ஒருத்தி காதை ஒருத்தி கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நாங்கள் மூன்று பேரும் வரிசையாகப் போய், உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தோம். முன்னால் டுஃபியே, அடுத்து நான், கடைசியில் போவாஹென். பொக்குவாவிடம் வந்தபோது அவள் டுஃபியேவின் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். தலையைக் குனிந்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

"பஸ் வழியில நிக்குது அக்கா. பஞ்சர்."

டுஃபியே தலையாட்டினாள். எங்களை அந்தக் காலிப் பந்தலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு அப்பாவின் குலத்துக்காகப் பேசுகிறவர் மைக்கோடு வந்து நின்றார்.

"இங்க எல்லாரும் சுகம். நீங்க வந்த சேதியைச் சொல்லுங்க."

துக்கத்துக்கு வந்த கூட்டம் எதுவானாலும் எழுந்து இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். டுஃபியே எழுந்தாள். மைக்கை வாங்கினாள்.

"நாங்க பொக்குவாவோட ஆலையில இருந்து வந்திருக்கோம்" என்றாள். "எங்க பஸ்..."

நின்றுவிட்டாள். மைதானமே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, உதடு லேசாகத் திறந்து, அந்த மிச்ச வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அறையில் மூன்று பேர் முன்னால் சிரித்ததற்காகத் தன்னையே மன்னிக்காதவள் இவள். இத்தனை பேர் முன்னால் இன்னொரு பொய் முகம் வைக்க அவளால் முடியாது.

"பஸ் எதுவும் வரல" என்றாள் டுஃபியே. "வழியிலயும் நிக்கல. எங்க மூணு பேரைத் தவிர ஆலையில இருந்து யாரும் கெளம்பல. இதுல பொக்குவா மேல ஒரு தப்பும் இல்ல. எந்தச் சாவுக்கும் போகாதேன்னு அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவ நான். இந்தப் பந்தல் காலியாக் கெடக்குதுன்னா அதுக்கு நான்தான் காரணம். இந்தக் குடும்பம் என்னை மன்னிக்கணும்."

கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. நன்றாகப் பேசினாள், அதையும் சொல்லவேண்டும். ஒரு இன்டர்வியூவில் இப்படிப் பேசினால் எழுந்து கை குலுக்குவார்கள்.

அத்தைமாரில் மூத்தவள் எல்லாருக்கும் கேட்கும்படி, "அதானே பாத்தேன். எந்த ஊர் பஸ்சு காலைல பஞ்சரானா மத்தியானம் வரைக்கும் நிக்கும்?" என்றாள். ஒரு சிரிப்பு எழுந்து பந்தல் பந்தலாகப் பரவியது.

பொக்குவாவின் அம்மா எழுந்தாள். எங்களிடம் வருகிறாள் என்று நினைத்தேன். வரவில்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்தவர்களிடம் போய் ஒவ்வொருத்தராகக் கையைப் பிடித்து எங்கள் பந்தலுக்கு அழைத்துவந்தாள். "உக்காருங்க. ஏன் வெயில்ல நிக்கறீங்க? உக்காருங்க. யாரும் வரமாட்டாங்க." நாற்காலியைத் துடைத்துத் துடைத்துக் காட்டினாள். எங்கள் பக்கத்து நாற்காலியிலும் ஒருத்தியைக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். டுஃபியே எழுந்து, "அம்மா" என்றாள். அம்மாவின் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

பொக்குவாதான் வந்தாள். டுஃபியேவின் கையில் இன்னும் இருந்த மைக்கை வாங்கிப் பேச்சாளரிடம் கொடுத்தாள்.

"உங்க மனசுல இருந்ததை எறக்கிட்டீங்க அக்கா" என்றாள். "எங்கம்மா தலைல எறக்கிட்டீங்க. கெளம்புங்க. இருட்டிட்டா வேன் கிடைக்காது."

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அடுத்த மாதமே வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் திங்கட்கிழமை பரீட்சை எழுதி பாஸ் செய்தேன்.

திரும்பும் வேனில் நாங்கள் மூன்று பேரும் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தோம். பாதி தூரம் போனபின் டுஃபியே, யாரிடம் என்றில்லாமல், "நான் வேற என்னதான் சொல்லியிருக்கணும்?" என்றாள்.

போவாஹென் கள்ளமில்லாமல் பதில் சொன்னான். "பஞ்சர்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம். நான் எந்திரிச்சு ஆமான்னு சொல்லியிருப்பேன். டயரு கிழிஞ்சுபோச்சு, நானே கையால பாத்தேன்னு சொல்லியிருப்பேன். மெக்கானிக் சொன்னா நம்பாம இருப்பாங்களா? உங்களுக்கு அந்த நேரத்துல தோணல, என்ன செய்ய, விடுங்க."

டுஃபியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தனக்குத் தோன்றாமல் இல்லை, பொக்குவாவே கையைப் பிடித்து அதைத்தான் கேட்டாள் என்று அவனிடம் அவள் சொல்லவில்லை. அது எனக்கும் கேட்டது என்று அவளிடம் நானும் சொல்லவில்லை.